கழிவுநீர் நிலையம் வேலை செய்கிறதா என்று தீர்ப்பது யார்?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று வாக்களித்தபடி வேலை செய்யவில்லை என்று தகராறு எழுந்தால், அதை எந்த அளவுகோலால், யார் தீர்க்க வேண்டும்? கட்டிக்கொடுத்தவர், தாம் கணக்கிட்டதைவிடக் கனமான கழிவுநீர் உள்ளே வருகிறது என்கிறார். வாங்கியவர், வருகிற நீரைச் சுத்தம் செய்யத்தானே பணம் கொடுத்தோம் என்கிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியேறும் நீரின் அளவீட்டைப் பார்க்கிறது. கடைமடை விவசாயி தம் கிணற்று நீர் கரிக்கிறதா என்று பார்க்கிறார். நால்வரும் ஒரே நிலையத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் நால்வரும் கேட்பது நான்கு வெவ்வேறு கேள்விகள்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இது தொலைதூரத்து விவகாரம் அல்ல. எறையூரில் பொதுத்துறை சர்க்கரை ஆலையும், கீழப்பழுவூர் பக்கம் சாத்தமங்கலத்தில் தனியார் சர்க்கரை ஆலையும் இருக்கின்றன. அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகளும் அவற்றின் குடியிருப்புகளும் உள்ளன. நாரணமங்கலத்தில் டயர் ஆலை இயங்குகிறது. 2022 ஜனவரியில் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எறையூரிலும் ஜெயங்கொண்டம் பகுதியிலும் காலணித் தொழிலுக்கான சிப்காட் வளாகங்கள் வரத் தொடங்கியுள்ளன. இவற்றில் எதன்மீதும் குற்றம் சாட்டுவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. இப்படிப்பட்ட ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையம் தேவை, ஒவ்வொரு நிலையத்துக்குப் பின்னாலும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் தகராறுக்கும் இடம் உண்டு என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் இந்தத் தகராறுகள் பெரிய அளவில் நடந்த இடங்கள் சாய ஆலைகள் நிறைந்த திருப்பூரும் தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த வேலூரும். அங்கே கிடைத்த விடைகளையும், அவற்றின் குறைகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது புதிதாகத் தொழில் வளரும் இவ்விரு மாவட்டங்களுக்கும் பயன்படக்கூடும்.

கேள்வியின் வரலாறு

சுத்திகரித்த நீருக்கு ஓர் எண்ணை வரம்பாக வைக்கும் பழக்கம் பிரிட்டனின் அரச கழிவுநீர் ஆணையத்திடமிருந்து வந்தது. 1898 முதல் 1915 வரை இயங்கிய அந்த ஆணையம், 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையில் ஒரு லிட்டரில் 20 மில்லிகிராம் பிஓடி, 30 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. நீரிலுள்ள கரிமக் கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைக் காட்டுவதே பிஓடி. அந்தப் பரிந்துரைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: கழிவுநீர் கலக்கும் ஆற்றில் அதைப்போல் குறைந்தது எட்டு மடங்கு நீர் ஓட வேண்டும். பச்சைமலையில் தோன்றிக் கொள்ளிடத்தில் சேரும் மருதையாறு போன்ற பருவகால ஆறுகளில் ஆண்டின் பெரும்பகுதி அந்த நிபந்தனை நிறைவேறுவதில்லை. மணல் மட்டுமே தெரியும் மாதங்களில் ஆற்றில் ஓடுவது கழிவுநீர் மட்டுமாகவே இருக்கலாம். ஆகவே ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்பதற்கும் ‘தீங்கில்லை’ என்பதற்கும் இடையிலான தூரம் நம் ஊரில் கூடுதலாகவே இருக்கும்.

நுண்ணுயிர்களைக் காற்றூட்டி வளர்த்துக் கழிவைச் செரிக்க வைக்கும் கிளர்வுற்ற கசடு முறையை 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் வெளியிட்டார்கள். இன்று நம் நகராட்சிகளிலும் ஆலைகளிலும் உள்ள பெரும்பாலான நிலையங்கள் அதன் வழிவந்தவை. அதையொட்டி எழுந்த பழைய வழக்குகளில் ஒன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தினுடையது. நகரம் காப்புரிமையை மீறியது என்று முடிவானபோதும், நிலையத்தை நிறுத்தும்படி பிறப்பித்த தடையை 1934இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. நிலையத்தை நிறுத்தினால் ஊரின் கழிவு அப்படியே மிச்சிகன் ஏரியில் கலக்கும் என்பதே காரணம். அது செயல்திறன் பற்றிய வழக்கு அல்ல. ஆனால் கழிவுநீர் நிலையம் சம்பந்தப்பட்ட எந்த வழக்கிலும் வழக்காடும் இருவருக்கு வெளியே மூன்றாவது தரப்பு ஒன்று இருக்கிறது என்பதை அது அன்றே காட்டியது.

இந்தியாவில் 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வாரியங்களை உருவாக்கி, இசைவாணை இல்லாமல் கழிவுநீரை வெளியேற்றுவதைத் தடை செய்தது. அதன்பின் இந்தக் கேள்விக்கு ஐந்து வகை விடைகள் உருவாகியிருக்கின்றன.

முதல் விடை: ஒப்பந்தமே அளவுகோல்

விற்றவர் என்ன வாக்களித்தாரோ அது நடந்ததா என்று பார்த்தால் போதும் என்பது வணிகச் சட்டத்தின் விடை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள் ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டைச் சொல்கின்றன. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வாங்குபவர் தம் தேவையைத் தெரிவித்து விற்பவரின் திறமையை நம்பி வாங்கும்போது, பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. பன்னாட்டு ஒப்பந்தங்களில் பரவலாகப் புழங்கும் மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் மஞ்சள் புத்தகம், கட்டி முடித்ததும் ஒரு சோதனை, ஓட்டத் தொடங்கிய பிறகு ஒரு சோதனை என இரண்டு கட்டங்களை வகுத்திருக்கிறது.

வாக்குறுதி எவ்வளவு கறாராகப் படிக்கப்படும் என்பதற்கு 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹோய்கார்ட் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. கடலில் காற்றாலைகளுக்கு அடித்தளம் போட்ட நிறுவனம், ஒப்பந்தம் குறிப்பிட்ட பன்னாட்டுத் தரத்தைப் பின்பற்றியது. அந்தத் தரத்திலேயே கணக்குப் பிழை இருந்தது. ஆனால் 20 ஆண்டு ஆயுள் என்ற வாக்கும் ஒப்பந்தத்தில் இருந்ததால் நிறுவனமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. ‘விதிப்படி கட்டினேன்’ என்பது ‘பலன் தந்தேன்’ என்பதற்கு ஈடாகாது.

இந்த விடையின் வலிமை அதன் தெளிவு. உள்ளே வரும் நீரை எப்படி எழுதி வைத்தார்கள் என்பதில் அதன் பலவீனம் இருக்கிறது. சர்க்கரை ஆலை ஒன்றில் பிஓடி 1200 உள்ள கழிவுநீர் வருவதாகக் கொள்வோம். ‘95 விழுக்காடு நீக்குவேன்’ என்று வாக்களித்த நிலையம் 60 மில்லிகிராமில் நீரை வெளியே விட்டால் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. ஆனால் நீர்நிலையில் விடுவதற்கான 30 என்ற சட்ட வரம்பு மீறப்பட்டுவிட்டது. அதே நிலையத்துக்கு 600 பிஓடி நீர் வந்தால் இரண்டும் நிறைவேறும். விழுக்காட்டில் எழுதிய வாக்கும் மில்லிகிராமில் எழுதிய வாக்கும் வெவ்வேறு வாக்குகள்.

காலமும் ஒரு சிக்கல். சர்க்கரை ஆலை அரைவைப் பருவத்தில் மட்டும் ஓடும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாட்டுச்சாணக் கரைசல் ஊற்றி நுண்ணுயிர்களைப் புதிதாக வளர்த்தெடுக்க வேண்டியிருக்கும். அவை நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். ஒப்படைப்பு நாளில் எடுக்கும் ஒற்றைச் சோதனை எதையும் மெய்ப்பிக்காது. ஆனால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பொருள் வந்து சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்கிறது. பம்புக்கும் ப்ளோயருக்கும் அது போதும். உயிரியல் நிலையத்துக்கு அது போதாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இருவர் மட்டுமே என்பது. இருவரும் சமாதானமாகிப் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டால் தகராறு தீர்ந்துவிடும். வாய்க்கால் நீர் அப்படியே இருக்கும்.

இரண்டாம் விடை: சட்ட வரம்பே அளவுகோல்

யாரோடு என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், வெளியேறும் நீர் வரம்புக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி என்பது ஒழுங்குமுறைச் சட்டத்தின் விடை. இங்கே மாதிரி எடுக்கும் முறைதான் உயிர்நாடி. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வாரிய அலுவலர் ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு பகுதி வாரிய ஆய்வகத்துக்குப் போகும். பொறுப்பாளர் கேட்டால் மற்றது அரசு அங்கீகரித்த இன்னொரு ஆய்வகத்துக்குப் போகும். இதில் தவறினால் சட்ட நடவடிக்கையில் அந்த முடிவு சான்றாகாது. 1986இல் டெல்லி பாட்லிங் நிறுவன வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இக்காரணத்தால்தான் ஆய்வு முடிவை ஏற்க மறுத்தது.

இந்த விடை பொது நலனைக் கணக்கில் எடுக்கிறது, எல்லாருக்கும் ஒரே அளவு வைக்கிறது. ஆனாலும் மூன்று இடங்களில் தடுமாறுகிறது.

முதலாவது, ஒரு புட்டி நீர் ஒரு நொடியின் சாட்சி மட்டுமே. 24 மணி நேரத்தில் பலமுறை எடுத்துக் கலந்த மாதிரியும் ஒரே முறை எடுத்த மாதிரியும் ஒரே எண்ணைத் தருவதில்லை. பிஓடி சோதனையின் இயல்பே ஓரளவு தளர்வானது. ஆய்வகங்கள் தங்களைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் குளுக்கோஸ்–குளூட்டாமிக் அமிலக் கரைசலில் ஏற்கத்தக்க முடிவு 198, அதிலிருந்து 30.5 கூடவோ குறையவோ செய்யலாம் என்பது அமெரிக்க நிலைமுறைக் கையேட்டின் வரையறை. தெரிந்த கரைசலிலேயே இவ்வளவு விலகல் அனுமதிக்கப்படும்போது, 30 என்ற வரம்புக்கு அருகில் 28, 33 என்று வரும் இரண்டு முடிவுகளை வைத்து ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவது சரியாக இருக்காது. பழைய முறை 20 பாகையில் 5 நாள் சோதனை. இந்தியத் தரம் 27 பாகையில் 3 நாள். ஒப்பந்தம் ஒன்றையும் வாரியம் மற்றொன்றையும் குறிப்பிட்டிருந்தால் தகராறு அங்கேயே முளைத்துவிடும்.

இரண்டாவது, வரம்பு மாறிக்கொண்டிருக்கிறது. வீட்டுக் கழிவுநீர் நிலையங்களுக்கு 2017 அக்டோபரில் மத்திய அரசு பெருநகரங்களுக்கு 20, பிற ஊர்களுக்கு 30 என பிஓடி வரம்பு வைத்தது. 2019 ஏப்ரல் 30இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைவிடக் கடுமையாக, பிஓடி 10 என்ற வரம்பை நாடு முழுதும் பின்பற்றச் சொன்னது. 30க்கு வடிவமைத்த நிலையம் 10 தரவில்லை என்றால் அது யார் தவறு? கட்டியவரா, ஒப்பந்தப்புள்ளி தயாரித்தவரா, வரம்பை மாற்றியவரா? இதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லையென்றால் சட்டத்தில் எளிதான விடை கிடைப்பதில்லை.

மூன்றாவது, 21ஆம் பிரிவின் சடங்கு வாரியத்துக்கும் ஆலைக்கும் இடையிலானது. கருவி விற்றவருக்கும் கடைமடை விவசாயிக்கும் அதில் இடமில்லை. 49ஆம் பிரிவின்படி பொதுமக்கள் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நீதிமன்றம் செல்லலாம், வாரிய அறிக்கைகளைக் கேட்டுப் பெறலாம் என்பது மட்டுமே திறந்திருக்கும் கதவு.

மூன்றாம் விடை: நிபுணர் குழுவின் தீர்ப்பு

எண்கள் மோதும்போது, அறிவியலாளரைக் கேட்போம் என்று நீதிமன்றங்கள் திரும்புகின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் ஆய்வுகளை நம்பியது. கரைந்த உப்புகளுக்கு வாரியம் வைத்த வரம்பு நடைமுறைச் சாத்தியமற்றது என்ற தோல் பதனிடுவோரின் வாதம் நீரியின் கருத்தைக் கேட்ட பிறகே நிராகரிக்கப்பட்டது. 1999இல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்–நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. அறிவியல் ஐயங்களைத் தீர்க்க நீதிபதிகளோடு துறை வல்லுநர்களும் அமரும் மன்றம் வேண்டும் என்றது. அந்தச் சிந்தனை 2003ஆம் ஆண்டு சட்ட ஆணையத்தின் 186ஆம் அறிக்கை வழியாக வளர்ந்து, 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமாக முடிந்தது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

நிபுணர் விடையின் சிக்கலைத் தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கு வெளிச்சமாக்கியது. அங்கே நீரியின் 1998ஆம் ஆண்டு அறிக்கை கடுமையாக இருந்தது, அடுத்த ஆண்டு அறிக்கை மென்மையாக இருந்தது. ஒரே அமைப்பின் இரு அறிக்கைகள் வேறுபடும்போது மக்கள் எதை நம்புவார்கள்? நிபுணர்களை யார் அமர்த்தினார்கள், செலவை யார் ஏற்றார்கள், எந்த நாளில் மாதிரி எடுத்தார்கள் என்பவை வெளிப்படையாக இல்லாவிட்டால் நிபுணர் அறிக்கையும் இன்னொரு தரப்பின் வாதமாகவே பார்க்கப்படும். தவிர, குழு வருவதற்குள் பருவம் மாறிவிடும், அரைவை முடிந்துவிடும். நடந்த தவறின் தடயமே இருக்காது.

நான்காம் விடை: ஓயாத கருவி

மாதிரியும் குழுவும் தாமதமானால் கருவியே இடைவிடாமல் அளக்கட்டும் என்பது அடுத்த விடை. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் நிகழ்நேரக் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்றது. சர்க்கரையும் சிமென்ட்டும் அந்தப் பட்டியலில் உள்ளவை. சர்க்கரை ஆலைகளுக்கு 2016 ஜனவரியில் வந்த விதி, அரைக்கும் ஒவ்வொரு டன் கரும்புக்கும் வெளியேறும் நீரை 200 லிட்டருக்குள் கட்டுப்படுத்தியது. நாளுக்கு 3000 டன் அரைக்கும் ஆலைக்கு அது 6 லட்சம் லிட்டர். நீரின் தரத்தோடு அளவையும் கட்டுப்படுத்தும் இத்தகைய விதியை அளவுமானி இல்லாமல் சரிபார்க்கவே முடியாது.

கருவியின் எல்லையையும் சொல்ல வேண்டும். மூன்று நாள் சோதனையான பிஓடியை எந்த உணரியும் நேரடியாக அந்த நொடியில் அளப்பதில்லை. புற ஊதா ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது போன்ற வேறொன்றை அளந்து, அதிலிருந்து கணித்துச் சொல்கிறது. உணரியில் பாசி படிந்தால் எண் பிசகும். அளவீட்டுச் சீரமைப்பை ஆலையே ஏற்பாடு செய்யும்போது ஐயம் மறையாது. கருவி பெரும்பாலும் வெளிவாயிலில் இருக்கிறது. உள்ளே வரும் நீரைப் பற்றிய சான்று அங்கே இல்லை. ஆகவே வாரியத்துக்கு உதவும் அதே கருவி, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான தகராறில் பாதிச் சாட்சியாகவே நிற்கிறது.

ஐந்தாம் விடை: பாதிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்குவது

இயந்திரம் வேலை செய்ததா என்பதை விட்டுவிட்டு, தீங்கு நேர்ந்ததா என்று கேட்பதே முறை என்பது மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின் விடை. 1996இல் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கிலும் வேலூர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது.

வேலூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. அவற்றின் உயிரியல் பகுதி பிஓடியைக் குறைத்தது. ஆனால் தோலில் ஏற்றிய உப்பை நுண்ணுயிர் தின்னாது. கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்பு எட்டாக்கனியாகவே இருந்தது. வடிவமைத்ததைச் செய்தோம் என்று நிலையம் சொல்லலாம். பாலாற்றுக் கிணறுகளுக்கு அந்த விளக்கத்தால் பயனில்லை. சூழல் இழப்பீட்டு ஆணையம் 2001இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கணக்கிட்டது. கால் நூற்றாண்டு ஆகப்போகும் நிலையில், 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் அதே விவகாரத்தில் மீண்டும் தலையிட்டு, அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்று கூற வேண்டியிருந்தது.

திருப்பூரில் சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாததானபோது நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பர் 22இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் சொட்டும் வெளியேறாத நிலையை 2007 ஜூலை 31க்குள் எட்ட வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 8, 10 என உயரும் தண்டத்தொகை விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து மேலும் மூன்று மாதம் கொடுத்தது. சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் பொருத்தப்பட்டன. ஆனால் ஆவியாக்கிகளின் திறனும் எரிபொருள் செலவும் தொடர்ந்து பேசுபொருளாயின. 2011 ஜனவரி 28இல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. உப்புக்கரைசலை ஆவியாக்காமல் மீண்டும் சாயமிடப் பயன்படுத்தும் முறை அருள்புரத்தில் முயலப்பட்டு, ஆலைகள் படிப்படியாகத் திறந்தன.

இந்த விடை அறத்தில் உறுதியானது. ஆனால் அதன் கருவி முரட்டுத்தனமானது. முழு மூடலில் ஒழுங்காக நடந்த ஆலையும் சேர்ந்தே மூடப்படும், தொழிலாளி வேலை இழப்பார். வேலூரைப் பார்த்தால், இழப்பீடு கைக்கு வர ஒரு தலைமுறை ஆகிறது.

எந்த வாசலுக்குப் போவது?

அளவுகோல் ஒருபுறமிருக்க, மன்றங்களும் பலவாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்தால் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டப்படி நடுவர் விசாரிப்பார். 26ஆம் பிரிவின் கீழ் அவர் ஒரு நிபுணரை அமர்த்தலாம். கருவி விற்றவர் சிறுதொழில் முனைவோராக இருந்து, வாங்கியவர் பாக்கியை நிறுத்தினால், அவர் சிறுதொழில் வசதி மன்றத்துக்குப் போகலாம். ஒப்பந்தத்தில் தனி நடுவர் விதி இருந்தாலும் 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டமே மேலோங்கும் என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாமதத் தொகைக்கு வங்கி வீதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. வணிக நீதிமன்றம் செல்வதாயின், அவசரத் தடை கேட்காத வழக்குகளில் முன்கூட்டிய சமரச முயற்சி கட்டாயம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் பாட்டில் ஆட்டோமேஷன் தீர்ப்பு உறுதி செய்தது.

மறுபுறம் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. தீங்கைச் சரிசெய்யும் தொகையை வாரியங்களே விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆக, ஒரே நிலையத்தைப் பற்றி நடுவர் ‘வேலை செய்கிறது, பாக்கியைக் கொடு’ என்றும், தீர்ப்பாயம் ‘வேலை செய்யவில்லை, தண்டம் கட்டு’ என்றும் சொல்ல இடமிருக்கிறது. சட்டப்படி இரண்டும் சரியாகவே இருக்கலாம். நடுவில் அகப்படும் நகராட்சியோ சிறிய ஆலையோ இருபுறமும் பணம் கட்டும். இரண்டு மன்றங்களும் ஒரே சான்றைப் பார்க்கும்படி செய்யும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

இரு மாவட்டங்களின் தனித்தன்மை

திருப்பூர், வேலூர் பாடங்களை அப்படியே இங்கே பெயர்த்து நடவும் முடியாது. அவை ஒரே தொழிலின் நூற்றுக்கணக்கான ஆலைகள் ஓர் ஆற்றைச் சூழ்ந்த இடங்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் சிதறிக் கிடக்கும் சில பெரிய வளாகங்களும், வளரும் நகராட்சிகளுமே உள்ளன. எந்த நீர் எந்த வளாகத்திலிருந்து வந்தது என்று பிரித்தறிவது ஒப்பளவில் எளிது. உலர்முறைச் சிமென்ட் ஆலையில் உற்பத்திக் கழிவுநீர் மிகக் குறைவு. குடியிருப்புக் கழிவுநீரும் மின்நிலையக் குளிர்விப்பு நீருமே பெரிது. தோல் பதனிடுவது வேறு, காலணி தைப்பது வேறு. காலணி வளாகத்தில் பெரும்பகுதி கழிவறை, உணவுக்கூடக் கழிவுநீராகத்தான் இருக்கும்.

நகராட்சி நிலையங்களில் சிக்கல் தலைகீழாகவும் வரலாம். நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவுநீர் என்று மத்தியக் கையேட்டின்படி கணக்கிட்டு நிலையம் கட்டுவார்கள். வீட்டு இணைப்புகள் முழுமையாகவில்லை என்றால் வரும் நீர் குறையும். மழைநீர் கலந்தால் கழிவு நீர்த்துப்போகும். பட்டினி கிடக்கும் நுண்ணுயிரும் சரியாக வேலை செய்யாது. அப்போது பழுது இயந்திரத்திலா, இணைப்புத் தராத நிர்வாகத்திலா என்ற கேள்வி எழும். அரியலூரின் சுண்ணாம்புப் படுகைகளில் ஆழ்துளை நீரின் கடினமும் கரைந்த உப்பும் உள்ளே வரும் நீரிலேயே இருந்தால், உயிரியல் நிலையம் அதை நீக்காது. இங்கே இழப்பதற்கும் நிறைய இருக்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட கரைவெட்டி ஏரி அரியலூர் மாவட்டத்தில்தான் உள்ளது. மழையையும் கிணற்றையும் நம்பியே சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் நிலம் இது.

மதிப்பீடு

ஐந்து விடைகளில் எதுவும் தனித்து முழுமையானதல்ல. ஒவ்வொன்றும் மற்றொன்று விட்டுவிடும் கேள்விக்கு விடை தருகிறது. இதுவரையான அனுபவத்திலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

தீங்கை நிறுத்துவதையும் பணத்தைத் தீர்ப்பதையும் பிரிக்க வேண்டும். வழக்கு முடியட்டும் என்று கழிவுநீர் காத்திருப்பதில்லை. ஆலையாக இருந்தால் உற்பத்தியைக் குறைத்து, நீரைத் தேக்கி, வெளியேற்றத்தை உடனே நிறுத்தச் சொல்லலாம். நகராட்சியின் கழிவுநீரை நிறுத்த முடியாது, மில்வாக்கி வழக்கு காட்டிய உண்மை அது. அங்கே மாற்று ஏற்பாட்டோடுதான் உத்தரவு வர வேண்டும். செலவு யாருடையது என்பது பிறகு தீரலாம்.

பெரும்பாலான தகராறுகள் தீராமல் இழுப்பதற்குக் காரணம் சட்டம் இல்லாமை அல்ல, உள்ளே வந்த நீரைப் பற்றிய சான்று இல்லாமை என்றே தோன்றுகிறது. உள்வாயிலில் அளவுமானியும், 24 மணி நேரக் கலப்பு மாதிரியும், ஓட்டத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே பதிவேடும் இருந்தால், விற்றவரும் வாங்கியவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடும் இடம் வெகுவாகச் சுருங்கும். செயல்திறன் சோதனை ஒரு நாளோடு முடியாமல், ஆலையின் முழுப் பருவத்தையும் நகராட்சியின் மழைக்காலம், கோடை இரண்டையும் தழுவ வேண்டும். எந்த முறையில், எந்த ஆய்வகத்தில், எவ்வளவு விலகலை ஏற்பது, வரம்பு கடுமையானால் மேம்பாட்டுச் செலவை யார் ஏற்பது என்பவை கையெழுத்திடும் நாளிலேயே எழுதப்பட வேண்டும்.

தீராமல் நிற்கும் கேள்விகளும் உண்டு. வாரியமும் சட்டமும் ஆலை நடத்துபவரையே பிடிக்கின்றன. குறையுள்ள நிலையத்தை விற்றவர் கீழ்மடை மக்களுக்கு நேரடியாகப் பொறுப்பாவாரா என்பது தெளிவாகவில்லை. சொட்டும் வெளியேறாத முறை நீரைக் காத்தாலும், பிரித்தெடுத்த கலப்பு உப்பை எங்கே வைப்பது, எரித்த எரிபொருளுக்கு யார் கணக்குச் சொல்வது என்பவை பாக்கி. வாரியத் தண்டமும் நடுவர் தீர்ப்பும் முரண்படும்போது எது முந்தும் என்பதும் இன்னும் தீர்க்கப்பட வேண்டியதே.

அவை தீரும்வரை உள்ளூரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இவ்விரு மாவட்டங்களின் நகராட்சிகளும் ஆலைகளும் தொழில் வளாகங்களும் இனிப் போடும் ஒவ்வொரு சுத்திகரிப்பு ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்க வேண்டும்: உள்வாயிலில் ஓர் அளவுமானி, மாதிரி எடுக்கும்போது நடுநிலை ஆய்வகத்துக்கு மூன்றாவது ஒரு புட்டி, அந்த முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் மாதந்தோறும் ஒட்டும் கடமை. நிலையத்தின் மொத்தச் செலவில் இவற்றின் பங்கு சிறியது. வழக்கு வந்தபின் அந்தச் சான்றை எந்தத் தொகை கொடுத்தாலும் உருவாக்க முடியாது.